மூன்றாவது பின்னை வெட்டாதீர்கள்



நான் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு வேண்டிய சாமான்களை மொத்தமாக வாங்கி விற்கும் வியாபாரி. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு முடிந்தது. அப்பாவின் கடையில் உட்கார்ந்தேன். அரியானா மாநிலத்து அம்பாலாவிலிருந்து வைக்கோல் சுற்றிய மரப்பெட்டிகளில் லாரி சரக்கு வரும். பெட்டியைப் பிரித்து பியூரெட்டில் விரிசல் உண்டா, தராசு முள் நேராக நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்தே தொழில் கற்றவன். மின்சாரத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்கலாம். எஞ்சினீயர் படிப்பு என்னிடம் இல்லை. ஒரு தவறு செய்து, அதன் விலையை இன்னொருவர் கொடுக்கப் பார்த்தவன் என்ற ஒரே தகுதிதான் உண்டு.

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நம் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "காலேஜ்ல போய் மெஷினை வச்சா போர்டுல பிளக் பொருந்த மாட்டேங்குது. வெட்டி எறிஞ்சிட்டு டூ-பின் மாட்டிக் கொடுத்திருவோம். நமக்குக் கையெழுத்து வாங்கணும், கிளம்பணும்." எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1987இல் நடந்தது

1987 ஜூன் மாதம். எனக்கு அப்போது 28 வயது. ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு மின்சாரத்தில் இயங்கும் வாட்டர் பாத் ஒன்று, ஹாட் ஏர் ஓவன் ஒன்று, சென்ட்ரிபியூஜ் ஒன்று சப்ளை செய்தோம். எங்கள் கடையில் மெஷின் மாட்டிக் கொடுப்பவர் அன்று விடுப்பு. நானே போனேன். மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள், இன்றே ஓட்டிக் காட்டுங்கள் என்றார்கள். ஆய்வகச் சுவரில் பழைய காலத்து இரண்டு துவார சாக்கெட்தான் இருந்தது. வாட்டர் பாத்தில் இருந்ததோ மூன்று பின் பிளக்.

கட்டிங் பிளையரை எடுத்தேன். மூன்று பின் பிளக்கை வெட்டினேன். சிவப்பு, கறுப்பு இரண்டு வயரையும் டூ-பின்னில் முடுக்கினேன். மிச்சம் இருந்த பச்சை வயரைப் பின்னால் மடக்கி டேப் சுற்றினேன். மூன்று நிமிட வேலை. தண்ணீர் சூடானது. எல்லோருக்கும் திருப்தி. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வருடம் எந்தக் குறையும் இல்லை. அடுத்த ஆண்டு ஐப்பசி மழைக் காலம். சில வாரங்கள் உபயோகப்படுத்தாமல் கிடந்த வாட்டர் பாத்தை, காலையில் வகுப்புக்கு முன் ஆய்வக உதவியாளர் போட்டிருக்கிறார். தரை கழுவி ஈரம் காயவில்லை. காலில் செருப்பு இல்லை. மூடியைத் திறக்கக் கை வைத்தவர் கையை எடுக்க முடியவில்லை. மின்சாரம் பாயும்போது தசை தானாகச் சுருங்கி, பிடித்ததை விடாது. உள்ளே வந்த ஆசிரியர் ஒருவர் அவரைத் தொடாமல் ஓடிப்போய் மெயினை அணைத்தார். அந்த ஆசிரியரின் புத்தியால் உயிர் பிழைத்தது. வலது கையில் இரண்டு விரல்கள் வெந்து, பிறகு மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன.

பள்ளியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். நான் சுற்றிய டேப் பசை விட்டுக் கழன்று, பச்சை வயர் பிளக்குக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அருகில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை மறுபடி மடக்கி வைத்தேன். "மெஷினில் குறை இல்லை சார். ஹீட்டர் ஈரம் பிடித்திருக்கிறது. ஈரக் கையோடு தொட்டிருக்கிறார்" என்றேன். அஜாக்கிரதையாக இருந்ததற்கு விளக்கம் கேட்டு அந்த உதவியாளருக்கு மெமோ கொடுத்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

இத்தனை வருடமாக இதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

அந்தப் பின்னுக்கு என்ன வேலை?

நம்மில் பலருக்கு மூன்றாவது பின் ஏதோ பிடிமானத்துக்கு வைத்தது போலத் தோன்றுகிறது. அது இல்லாமலும் மெஷின் ஓடுகிறதே, பிறகு எதற்கு என்ற எண்ணம். அது மெஷின் ஓடுவதற்காக வைத்த பின் இல்லை என்பதே உண்மை. மெஷினைத் தொடுகிற மனிதனுக்காக வைத்தது.

பேஸ் வழியாக மின்சாரம் வருகிறது, நியூட்ரல் வழியாகத் திரும்புகிறது. வேலை நடக்க இந்த இரண்டு வயரே போதும். வாட்டர் பாத், ஓவன், ஹாட் பிளேட், டிஸ்டில்லேஷன் யூனிட் எல்லாவற்றிலும் உள்ளே ஒரு ஹீட்டர் காயில் இருக்கிறது. உலோகக் குழாய்க்குள் காயிலை வைத்து, சுற்றிலும் மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். அந்தப் பொடிதான் காயிலில் ஓடும் மின்சாரம் வெளிக்குழாயில் இறங்காமல் தடுக்கிறது. குழாய் முனையில் உள்ள அடைப்பு விட்டுப்போனால் பொடி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மழைக் காலத்திலும், கோடை விடுமுறையில் மாதக் கணக்கில் பூட்டிக் கிடக்கும் ஆய்வகத்திலும் இது நடக்கும். பிறகு முதல் நாள் சுவிட்ச் போடும்போது மின்சாரம் மெல்ல உலோக உடம்புக்கு இறங்கிவிடும்.

எர்த் வயர் அந்த உலோக உடம்போடு இணைக்கப்பட்டிருந்தால், இறங்கிய மின்சாரம் அதன் வழியே பூமிக்குப் போய்விடும். பெரிய கசிவாக இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது எம்.சி.பி. விழும். எர்த் வயர் இல்லையென்றால் அந்த உடம்பு முழுவதும் 230 வோல்ட்டோடு காத்திருக்கும். முதலில் கை வைப்பவர்தான் அதற்கு எர்த் வயர்.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறத்தாழ 260 மில்லி ஆம்பியர் வேண்டும். 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 30க்கு மேல் போனால் மூச்சு முட்டும். 50, 100 என்று ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். ஆக, ஒரு சாதாரண பல்பு சாப்பிடுவதில் பாதிகூட இல்லாத மின்சாரம் ஓர் ஆளுக்குப் போதும்.

நம் நாட்டு மூன்று பின் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள எர்த் பின் மற்ற இரண்டைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். பிளக்கைச் சொருகும்போது முதலில் தொடுவது அது. பிடுங்கும்போது கடைசியில் விடுவதும் அதுதான். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கடையைத் திறந்து, இரவில் எல்லோரும் போனபிறகு பூட்டிவிட்டுப் போகும் நம்பிக்கையான கணக்குப்பிள்ளை மாதிரி. அப்படிப்பட்டவரை நாம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறோம்.

டூ-பின்னே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில சிறு கருவிகளின் முதுகில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் இருக்கும். இரட்டைக் காப்பு செய்த கருவி என்று அர்த்தம். அதற்கு எர்த் தேவையில்லை, கம்பெனியே டூ-பின்தான் கொடுக்கும். கம்பெனி மூன்று பின் கொடுத்த கருவியில் நாம் இரண்டாக்குவதுதான் குற்றம்.

எர்த் இருப்பதுபோல் இருந்து இல்லாத இடங்கள்

சுவரில் மூன்று துவாரம் இருந்துவிட்டால் எர்த் இருப்பதாக அர்த்தமில்லை. நான் பார்த்த ஆய்வகங்களில் மூன்று விதமான ஏமாற்று உண்டு.

முதலாவது, மேல் துவாரத்துக்குப் பின்னால் வயரே இருக்காது. வெறும் ஓட்டை.

இரண்டாவது, இதைவிட மோசமானது. எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்ட எலக்ட்ரீஷியன், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் முனைக்கு லூப் அடித்துவிடுவார். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால் பல்பு நன்றாக எரியும். எல்லாம் சரி என்று நாமும் வந்துவிடுவோம். ஆனால் எங்காவது ஓரிடத்தில் அந்த நியூட்ரல் வயர் அறுந்தது என்று வையுங்கள். கருவியில் எந்தக் கோளாறும் இல்லாமலே, ஹீட்டர் வழியாக வந்த பேஸ் அந்தத் துண்டு வயர் மூலம் கருவியின் உடம்புக்கு வந்துவிடும். பேஸும் நியூட்ரலும் இடம் மாறி இணைத்திருந்தால் அறுபடக்கூட வேண்டாம். சுவிட்ச் போட்டவுடன் உடம்பில் மின்சாரம். எர்த் இல்லாததைவிட இந்தப் பொய் எர்த் ஆபத்தானது.

மூன்றாவது, எர்த் வயர் ஒழுங்காகத்தான் போயிருக்கும், ஆனால் பூமியில் புதைத்த குழாய் காய்ந்து கிடக்கும். குழி தோண்டிக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற வாய் வைத்து மூடுவார்கள். கட்டடம் கட்டிய வருடம் ஊற்றிய தண்ணீரோடு சரி. சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் மின்சாரத்தை மண் வாங்காது. ஒரு கணக்கு பாருங்கள். எர்த்தின் தடை 20 ஓம் என்றால், 230ஐ 20ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு அசையாது. எர்த் இருந்தும் உடம்பில் மின்சாரம் நிற்கும்.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் வேண்டியிருக்கிறது. பேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சரியாக இருக்கிறதா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. நம் பேரேட்டில் பற்றும் வரவும் ஒத்துப்போக வேண்டும் என்பது போலத்தான். 30 மில்லி ஆம்பியர் துண்டு விழுந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுகிறது; ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. ஆய்வகம் முழுவதற்கும் ஒன்று போட இரண்டாயிரம் ரூபாய் அளவில்தான் ஆகும். அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாவிட்டால் அது வெறும் டப்பா.

அதை வைத்துக்கொண்டு எர்த் வேண்டாம் என்றும் இருக்கக்கூடாது. ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் தொட்டவரை ஆர்.சி.சி.பி. காப்பாற்றாது, அதன் கணக்கில் பற்றும் வரவும் சரியாகத்தான் இருக்கும். இரண்டும் வேண்டும்.

எந்தக் கருவிக்கு எந்த சாக்கெட்?

இது நம் வியாபாரக் கணக்குதான், கஷ்டமில்லை. கருவியின் முதுகில் உள்ள தகட்டில் வாட்ஸ் எழுதியிருக்கும். அதை 230ஆல் வகுத்தால் ஆம்பியர். மைக்ராஸ்கோப், பி.எச். மீட்டர் போன்றவை ஒரு ஆம்பியரைத் தொடாது. 2,000 வாட்ஸ் ஓவன் ஏறத்தாழ 8.7 ஆம்பியர். 3,000 வாட்ஸ் டிஸ்டில்லேஷன் யூனிட் 13 ஆம்பியர். 3,500 வாட்ஸ் மஃபிள் ஃபர்னஸ் 15 ஆம்பியருக்கு மேல்.

நம்மிடம் உள்ளவை 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்ற இரண்டு அளவு சாக்கெட்கள். பழைய ஆட்கள் 5, 15 என்று சொல்வோம். ஓவனுக்கும் டிஸ்டில்லேஷன் யூனிட்டுக்கும் பெரியதுதான் வேண்டும். ஆனால் கடைகளில் பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்ட ஒரு கன்வர்ஷன் பிளக் விற்கிறோம். அதை வாங்கி மாட்டினால் மெஷின் ஓடும். உள்ளே சாக்கெட்டின் பித்தளை சூடாகி, பிளாஸ்டிக் பழுப்பாகி, ஒரு நாள் கருகும். பக்கத்தில் ஸ்பிரிட் பாட்டில் இருக்கும் இடம் ஆய்வகம் என்பதை மறக்கக்கூடாது. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஓவன், ஹாட் பிளேட் இரண்டையும் போடுவதும் இதே கதைதான்.

பவர் கார்டு பற்றியும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்குப் போடுகிற மாதிரி கழற்றி மாட்டும் கார்டுகள் இப்போது ஆய்வகக் கருவிகளிலும் வருகின்றன. மலிவாக வரும் சில கார்டுகளை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். வெளியே மூன்று பின். உள்ளே இரண்டு வயர்தான் ஓடுகிறது. மல்டிமீட்டரை வைத்து ஒரு முனை எர்த் பின்னிலிருந்து மறு முனை எர்த் துவாரம் வரை 'பீப்' சத்தம் வருகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண் உண்மையா என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிடலாம். நம் பையன்களின் கையில் உள்ள போன் சினிமா பார்க்க மட்டும் இல்லையே.

கடல் கடந்து வரும் கருவிகள்

ஜெர்மனி, சீனா போன்ற நாடுகளிலிருந்து வரும் சில கருவிகளில் இரண்டு உருண்டைப் பின் கொண்ட தடித்த பிளக் இருக்கும். பார்த்தால் டூ-பின் போலத் தோன்றும். அந்தப் பிளக்கில் எர்த், பக்கவாட்டில் பதித்த உலோகப் பட்டையில் இருக்கிறது. அதற்கென்றே உள்ள சாக்கெட்டில் அந்தப் பட்டையைத் தொடும் நாக்கு உண்டு, நம் சாக்கெட்டில் கிடையாது. ஆனாலும் அந்த இரண்டு பின்களும் நம் 6 ஆம்பியர் சாக்கெட்டின் கீழ்த் துவாரங்களில் நுழைந்துவிடும். மெஷின் ஓடும், எர்த் இருக்காது. எந்தப் பிளக்கும் நுழையும் என்று விற்கும் யுனிவர்சல் பாக்ஸிலும் பெரும்பாலும் இதே கதி. சரியான வழி, மூன்று வயரும் உள்ள இந்திய கார்டு ஒன்றை மாற்றிக் கொடுப்பதே.

அமெரிக்காவிலிருந்து பழைய கருவிகள் வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 சைக்கிள். இங்கே 230 வோல்ட், 50 சைக்கிள். டிரான்ஸ்பார்மர் வைத்தால் வோல்ட் குறையும், சைக்கிள் மாறாது. 60 சைக்கிளுக்குச் செய்த சாதாரண மோட்டார் இங்கே வேகம் குறைந்து, சூடேறும். 115/230 என்று மாற்றும் சுவிட்ச் உள்ள கருவி என்றால், சுவிட்சைத் தள்ளினால் மட்டும் போதாது. உள்ளே உள்ள ஃபியூஸையும் 230 வோல்ட்டுக்குக் கம்பெனி சொன்ன அளவுக்கு மாற்ற வேண்டும். அது பெரும்பாலும் பாதி அளவாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட வயரின் நிறம்தான் ஆளை விழுங்கும் பள்ளம். நம் பழைய வழக்கப்படி சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இப்போது வரும் கார்டுகளில் பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். அமெரிக்கக் கார்டிலோ கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். கறுப்பு என்றால் நியூட்ரல் என்று கை பழகிய நம் ஆள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி முடுக்குவான். நம் சாக்கெட்டை எர்த் துவாரம் மேலே இருக்கும்படி நேராகப் பார்த்தால் வலது கைப் பக்கம் பேஸ், இடது கைப் பக்கம் நியூட்ரல். இதைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

நம்மவர்கள் சொல்லும் சமாதானங்கள்

"நாங்கள் வியாபாரிகள், எலக்ட்ரீஷியன் இல்லை" என்பது முதல் சமாதானம். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பிளையரை ஏன் எடுக்கிறோம்? எலக்ட்ரீஷியன் இல்லாதவன் பிளக்கை வெட்டவும் கூடாது.

"மூன்று கொட்டேஷனில் குறைந்தவருக்குத்தான் ஆர்டர். நல்ல கார்டு, நல்ல பிளக் என்று போனால் விலை ஏறிவிடும்" என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. நான் பல ஆர்டர்களை இப்படி இழந்திருக்கிறேன். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அதற்குத்தானே சங்கம் வைத்திருக்கிறோம்? எடைக்கல்லில் குறைப்பவனை நாம் வியாபாரியாக மதிப்பதில்லை. எர்த்தில் குறைப்பவனை மட்டும் ஏன் சாமர்த்தியசாலி என்கிறோம்?

"வாடிக்கையாளரே வெட்டச் சொல்கிறார்" என்பது மூன்றாவது. அவர் சொல்வார். அவருக்கு அன்றைக்கு மெஷின் ஓட வேண்டும். மருந்துக் கடைக்காரரிடம் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டால் கொடுத்துவிடுகிறாரா?

இப்போது சட்டமும் பேசுகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 86ஆவது பிரிவு, தயாரிப்பாளராக இல்லாமல் பொருளை விற்பவரின் பொறுப்பைச் சொல்கிறது. விற்றவர் பொருளில் மாற்றம் செய்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கியக் காரணமானால் விற்றவர் பொறுப்பு. பொருளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் தகுந்த கவனம் காட்டாமல் விட்டாலும், தயாரிப்பாளர் கொடுத்த எச்சரிக்கையை வாங்கியவருக்குச் சொல்லாமல் விட்டு அதனால் தீங்கு நேர்ந்தாலும் அப்படியே. பெட்டியில் "இந்தக் கருவிக்கு எர்த் அவசியம்" என்று எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிளக்கையும் வெட்டிக் கொடுத்தவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குப் பயந்தாவது செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் வைக்கும் கோரிக்கை

நம் சங்கம் இதை ஒரு பொதுவான கட்டுப்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

1. மூன்று பின்னோடு வந்த கருவியின் பிளக்கை எந்தக் காரணத்துக்கும் டூ-பின்னாக மாற்றித் தருவதில்லை.

2. கொட்டேஷன் கொடுக்கும்போதே, இந்தக் கருவிக்கு இத்தனை ஆம்பியர் சாக்கெட், எர்த், ஆர்.சி.சி.பி. வேண்டும் என்று தனி வரியாக எழுதுவது. வாங்குகிறவர் முன்கூட்டியே போர்டு மாற்றி வைக்க அவகாசம் கிடைக்கும். கடைசி நேரப் பிளையருக்கு வேலை இருக்காது.

3. டெலிவரிக்குப் போகும் பையன் கையில் ஒரு மல்டிமீட்டர் கொடுத்தனுப்புவது. கார்டில் எர்த் தொடர்கிறதா, இடையில் ஸ்டெபிலைசர் இருந்தால் அதைத் தாண்டியும் எர்த் போகிறதா என்று கருவியைச் சொருகுவதற்கு முன்பே பார்த்து, டெலிவரி சலானில் எழுதிக் கையெழுத்து வாங்குவது.

4. சாக்கெட்டில் எர்த் இல்லை என்றால் கருவியை வைத்துவிட்டு வரலாம், இணைத்துக் கொடுக்கக்கூடாது. அரசு உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு சரிசெய்தபின் மறுபடி போய் ஓட்டிக் காட்டலாம். பூமிக்குள் இருக்கும் எர்த்தை எர்த் டெஸ்டர் கொண்டு அளப்பது வயர்மேனின் வேலை. அதை நாம் செய்துவிட்டதாகச் சொல்லக்கூடாது.

5. பிளக் முடுக்கத் தெரிந்த நம் ஆட்களுக்கு ஒரு சின்ன வித்தையைக் கற்றுக்கொடுப்பது. பிளக்குக்குள் எர்த் வயரை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக, தளர்வாக விட வேண்டும். யாராவது கார்டைப் பிடித்து இழுத்தால் பேஸ் முதலில் பிய்ந்து வரும், எர்த் கடைசியில் போகும்.

மளிகைக்காரரும் ஜவுளிக்காரரும் இது நமக்கு எதற்கு என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் கடையில் இரும்பு உடம்புள்ள பிரிட்ஜ் இருக்கிறது, மாவு மெஷின் இருக்கிறது. அதை ஈரக் கையோடு தொடுகிற பையனும் இருக்கிறான். நான் சாமான் விற்கும் ஆய்வகத்தில் படிப்பது உங்கள் பிள்ளைகள்தான். இன்று இரவு கடை அடைக்குமுன் ஒவ்வொரு பிளக்கையும் ஒருமுறை பாருங்கள்.

கடைசியாக ஒன்று

அந்த ஆய்வக உதவியாளர் அதன்பிறகும் பல ஆண்டுகள் அதே பள்ளியில் வேலை பார்த்தார். வருடா வருடம் ஜூன் மாதம் சாமான் பட்டியலோடு என் கடைக்கு வருவார். சோதனைக் குழாய்களை டஜன் டஜனாக எண்ணி எடுப்பார். மடங்கிய விரல்களை நீட்ட முடியாமல் மற்ற மூன்று விரல்களால் எண்ணுவார். நான் ஏதாவது கணக்கு எழுதுவது போலக் குனிந்துகொள்வேன்.

பணி ஓய்வு பெற்றபின் ஒரு நாள் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார். அன்று எப்படியோ தைரியம் வந்து, பிளக்கை வெட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தெரியும் அண்ணாச்சி. டேப் கழண்டு பச்சை வயர் தொங்குனதை விழுறதுக்கு முந்தின நாளே பார்த்தேன். அது எதுக்குன்னு அப்ப எனக்குத் தெரியலை. ஆஸ்பத்திரியிலதான் ஒருத்தர் சொன்னாரு. நீங்களா என்னைக்காவது சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார். பத்திரிகையை என் கையில் கொடுத்துவிட்டு, காபி சாப்பிட்டுத்தான் போனார்.

அந்த மூன்று விரல் பிடித்து நீட்டிய பத்திரிகையை இன்றும் என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். அன்று சிரித்த தம்பி இதைப் படித்தால் என் கடைக்கு ஒருமுறை வரட்டும், காட்டுகிறேன்.

அடுத்த செயற்குழுவில் என் கோரிக்கையைத் தீர்மானமாக எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.